மதகடியில் காத்திருக்கும் மடிக்கணினி

அத்தை அதைத் துணிப்பையில் போட்டு, மேலே ஒரு துண்டையும் சுற்றி எடுத்துவந்திருந்தார். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி நேராக எங்கள் வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்தார். பையிலிருந்து ஒரு கறுப்பு மடிக்கணினி வெளியே வந்தது. மூடியில் தமிழக அரசின் கோபுர முத்திரை பாதி தேய்ந்திருந்தது. மூத்த மகள் பிளஸ் டூ படித்தபோது, 2012-இல் பள்ளியில் கொடுத்தது.

"சுத்திக்கினே இருக்குது தம்பி. ஒரு பக்கம் தொறக்கறதுக்குள்ள ஒல சோறு வெந்துடுது. எடம் இல்லாமத்தான் இப்படின்னு பையன் சொன்னான். அதான் பெரியவ கல்யாண போட்டோ எல்லாத்தையும் அழிச்சிட்டோம். அப்பவும் அதே கதைதான். ஃபார்மேட் அடிச்சித் தர்றியா, இல்ல காயலாங்கடையிலயே போட்டுடட்டுமா?"

கல்யாணப் படங்களுக்கு வேறு பிரதி இருக்கிறதா என்று கேட்டேன். ஸ்டுடியோக்காரர் கொடுத்த டிவிடி கீறல் விழுந்து எப்போதோ ஓடாமல் போய்விட்டதாம். அழித்து இரண்டு வாரம் ஆகியிருந்தது. மூடியை உடனே மூடச் சொன்னேன். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூர் மாவட்டத்தில் அப்போதைய முதலமைச்சர் ஜெயலலிதா தொடங்கிவைத்த இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்த பெட்டி இது. அந்த ஆண்டுகளில் லட்சக்கணக்கான வீடுகளுக்குள் முதன்முதலாக நுழைந்த கணினி அதுதான். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் இன்றைக்கும் பீரோவுக்கு மேலே, கட்டிலுக்குக் கீழே அவை கிடக்கின்றன. முக்கால்வாசி கெட்டுப்போனவை அல்ல. மெதுவாகிவிட்டவை. 'வயசாயிடுச்சு' என்று ஒதுக்கிவைத்தவை. ஆனால் கணினி மாட்டைப் போல மூப்படைவதில்லை. அதன் செயலி 2012-இல் நொடிக்கு எத்தனை கணக்குப் போட்டதோ, இன்றைக்கும் அத்தனை போடும். பிறகு எது மெதுவானது?

அத்தையின் பெட்டியில், எந்த உறுப்பு எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைப் பார்த்திருந்தால் பதில் அங்கேயே தெரிந்திருக்கும். இப்படிப்பட்ட கணினிகளில் நான் பார்த்ததெல்லாம் ஒரே காட்சிதான். செயலி பத்து, பதினைந்து சதவீதம் வேலை செய்துகொண்டு சும்மா இருக்கும். பக்கத்தில் 'டிஸ்க்' என்ற வரியில் 100 என்ற எண் சிவந்து நிற்கும். கணக்குப் போடுகிறவர் தயாராக உட்கார்ந்திருக்கிறார். கணக்குப் புத்தகம் இன்னும் வந்து சேரவில்லை.

புத்தகம் எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறது என்பதைத்தான் நாம் மனதில் வாங்கிக்கொள்வதில்லை. செயலிக்குப் பக்கத்திலேயே இருக்கும் தற்காலிக நினைவகம் ரேம். அதிலிருந்து ஒரு தகவலை எடுக்க, ஒரு நொடியைக் கோடி பங்காகப் போட்டு அதில் ஏறக்குறைய ஒரு பங்கு நேரம் ஆகும். ஹார்ட் டிஸ்கில் எங்கோ ஒரு மூலையில் கிடக்கும் தகவலை எடுக்கச் சுமார் 15 மில்லிநொடி ஆகும். இரண்டுமே நம் கண்ணுக்கு 'உடனே'தான். ஆனால் ரேமில் எடுப்பது ஒரு நிமிட வேலை என்று வைத்துக்கொண்டு மற்றதை அதே கணக்கில் பெருக்கிப் பாருங்கள். ஹார்ட் டிஸ்கிலிருந்து வருவதற்கு 104 நாள் ஆகிறது. கடைக்காரர் கைக்கெட்டும் அலமாரியில் வெல்லம் இருந்தால் ஒரு நிமிடம். இல்லையென்றால் கரும்பு வெட்டி, ஆலை ஆட்டி, பாகு காய்ச்சி வரும்வரை நூறு நாள் நிற்க வேண்டும். நொடிக்கு இருநூறு கோடி முறை துடிக்கும் செயலி, அந்த ஒரு தகவலுக்காக மூன்று கோடித் துடிப்புகளைச் சும்மா கழிக்கிறது. திரையில் சுற்றிக்கொண்டே இருக்கும் அந்த வட்டம் இந்தக் காத்திருப்பின் படம்.

இத்தனை நேரம் ஏன் ஆகிறது என்றால், கணினிக்குள் உண்மையாகவே நகர்கிற, சுழல்கிற பாகங்களில் ஒன்று ஹார்ட் டிஸ்க். கண்ணாடி போலப் பளபளக்கும் வட்டத் தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை, அதாவது நொடிக்கு 90 முறை சுற்றுகிறது. மடிக்கணினித் தட்டின் விளிம்பு மணிக்கு 60 கிலோமீட்டருக்கு மேல் ஓடுகிறது. காஞ்சிபுரம் சாலையில் பேருந்து போகும் வேகம். அதன் மேலே ஒரு சின்னக் கை, நுனியில் படிக்கும் தலையோடு, தட்டைத் தொடாமல் மிதக்கிறது. இடைவெளி சில நானோமீட்டர். ஒரு தலைமுடியின் தடிமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்கு. தகவல் எழுதப்பட்ட தடங்களோ ஒரு முடியின் குறுக்கே நூற்றுக்கணக்கில் அடங்கும் அளவுக்கு நெருக்கமானவை. கை சரியான தடத்துக்குப் போய் நிற்க வேண்டும். பிறகு தேவையான இடம் சுற்றி வந்து தலைக்குக் கீழே சேரும்வரை பொறுக்க வேண்டும். அரைச் சுற்றுக்கே ஐந்தரை மில்லிநொடி போய்விடுகிறது. இந்த வேலையை நொடிக்கு அறுபது, எழுபது முறை, பன்னிரண்டு வருடத்துக்கும் மேலாக, ஒரு கிராமத்து வீட்டின் கூடத்தில் அது செய்திருக்கிறது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

எங்கள் ஊரில் இதை விளக்கக் கஷ்டப்பட வேண்டியதில்லை, ஏரி இருக்கிறது. பல்லவர் காலத்தில் வைரமேக தடாகம் என்று பெயர் பெற்ற ஏரி. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்தில் 919-இலும் 921-இலும் வெட்டிய குடவோலைக் கல்வெட்டுகளில் 'ஏரி வாரியம்' என்று ஒரு குழுவே வருகிறது. ஓலை எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கி எடுத்த ஆட்கள் 360 நாள் அந்தப் பொறுப்பைப் பார்த்தார்கள். அதனால் இந்த மண்ணில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: ஏரியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது வேறு, மதகு வழியாக எவ்வளவு வருகிறது என்பது வேறு. ஏரி கலங்கல் வழிய நிறைந்திருந்தாலும் மதகு சின்னதாக இருந்தால் கடைமடை வயல் காயும்.

அத்தை வீட்டில் நடந்த பிழை இங்கேதான். மெதுவானது ஏரி நிறைந்ததால் என்று நினைத்துத் தண்ணீரை இறைத்துக் கொட்டிவிட்டார்கள். படங்களும் பாட்டுகளும் வீடியோக்களும் ஹார்ட் டிஸ்கில் சும்மா கிடக்கும்வரை யாருக்கும் தொந்தரவு இல்லை. தட்டு முழுக்க நிரம்பி மூச்சு முட்டினால் மட்டும் இடம் ஒழிப்பதில் பயன் உண்டு. 320 ஜிபி தட்டில் பாதிகூட நிரம்பாத பெட்டியில் கல்யாணப் படங்களை அழித்ததால் ஒரு நொடிகூட மிச்சமாகியிருக்காது.

மதகின் கதையைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்ப்போம். ஐபிஎம் நிறுவனம் 1956-இல் கொண்டுவந்த முதல் ஹார்ட் டிஸ்கில் இரண்டடி விட்டமுள்ள தட்டுகள் 50 இருந்தன. எடை ஏறக்குறைய ஒரு டன். கொள்ளளவு 50 லட்சம் எழுத்துகள். அதில் ஒரு தகவலைத் தேடி எடுக்கச் சராசரியாக 600 மில்லிநொடி ஆனது. உள்ளங்கையில் அடங்கும் அத்தையின் 320 ஜிபி தட்டு அதைவிட 64,000 மடங்கு கொள்கிறது. தேடும் வேகமோ 40 மடங்குதான் கூடியிருக்கிறது. ஏரி கடலாகிவிட்டது. மதகு கொஞ்சம் அகலப்படுத்திய பழைய மதகுதான்.

சரி, 2012-இல் இதே மதகோடு நன்றாகத்தானே ஓடியது? ஓடியது. அன்றைய நிரல்களுக்கு 2 ஜிபி ரேம் போதுமாக இருந்தது. தட்டைத் தொடவேண்டிய தேவை குறைவு. பிற்பாடு யாரோ ஒரு கடையில் விண்டோஸ் 10 போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். பெட்டியைத் திறந்ததும் ஆன்ட்டிவைரஸ் எழுகிறது, அப்டேட் எழுகிறது, எப்போதோ ஒரு பிரிண்டரோடு வந்த நிரல் எழுகிறது, தேடல் பட்டியல் போடும் நிரல் எழுகிறது. எல்லாரும் ஒரே நேரத்தில் மதகடிக்கு வருகிறார்கள். அதற்கு மேல் பிரவுசரில் நாலு பக்கம் திறந்தால் ரேம் நிரம்பிவிடுகிறது.

ரேம் நிரம்பினால் கணினி என்ன செய்யும்? ஒரு தந்திரம் செய்யும். 1962-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் அட்லஸ் கணினியில் நடைமுறைக்கு வந்த தந்திரம் அது. இப்போதைக்கு வேண்டாதவற்றை ரேமிலிருந்து எடுத்துத் தட்டில் ஓர் ஓரமாக வைத்துவிட்டு, அந்த இடத்தில் வேண்டியதைக் கொண்டுவரும். நிரலுக்கு இது தெரியாது; தன்னிடம் பெரிய ரேம் இருப்பதாகவே நினைத்துக்கொண்டிருக்கும். அழகான ஏற்பாடு, ஓர் எல்லை வரைக்கும். அந்த எல்லையைத் தாண்டினால், இப்போது வெளியே வைத்தது அடுத்த கணமே வேண்டியிருக்கும். அதை உள்ளே கொண்டுவர வேறொன்றை வெளியே தள்ள வேண்டும். தள்ளியதும் அது வேண்டும். கணினி முழு நேரமும் சாமான் மாற்றிக்கொண்டே இருக்கும், வேலை ஒன்றும் நடக்காது. அமெரிக்கக் கணினி அறிஞர் பீட்டர் டென்னிங் 1968-இல் இந்தத் திணறலின் காரணத்தை விளக்கி எழுதினார். ஒவ்வொரு நிரலும் ஒரு நேரத்தில் கையோடு வைத்துக்கொள்ள வேண்டிய தகவல்களுக்கு ஓர் அளவு உண்டு. ஓடுகிற நிரல்கள் எல்லாவற்றின் அளவும் சேர்ந்து ரேமைத் தாண்டியதும் வேகம் மெல்ல இறங்காது, செங்குத்தாக விழும் என்றார். நாம் 'ஹேங் ஆயிடுச்சு' என்கிறோமே, பெரும்பாலும் அதுதான். ஒரே ஒரு பிரவுசர் பக்கத்தை மூடினால் சட்டென்று உயிர் வருவதும் இதனால்தான்.

ஃபார்மேட் அடித்தால் ஏன் வேகம் வருகிறது என்பதும் இங்கே விளங்கிவிடும். தட்டு வேகமாவதில்லை. மதகடியில் கூடிய கூட்டம் கலைகிறது, அவ்வளவுதான். ஆறு மாதத்தில் அதே கூட்டம் திரும்பச் சேரும். அதனால்தான் கடைக்குப் போய் ஓஎஸ் போட்டுக்கொண்டு வந்த பெட்டி அடுத்த பொங்கலுக்குள் மறுபடி கடைக்குப் போகிறது. வெறும் ஃபார்மேட் போதாது என்று நான் சொல்வது இதனால்.

இப்போது மூடியை ஏன் மூடச் சொன்னேன் என்பதற்கு வருகிறேன்.

கோயில் சுவர்க் கல்வெட்டில் ஒரு வரியை அழிக்க வேண்டுமென்றால் உளி வைத்துக் கொத்தியே ஆகவேண்டும். கணினி அப்படி உழைப்பதில்லை. ஒரு படத்தை அழித்து, குப்பைத்தொட்டியையும் காலி செய்தால், அது படத்தைத் தொடுவதே இல்லை. எந்தப் படம் எங்கே இருக்கிறது என்று எழுதிவைத்த அட்டவணையில் அந்த வரிக்கு நேராக 'இந்த இடம் காலி' என்று ஒரு குறி போடுகிறது. படம் தட்டில் அப்படியே கிடக்கும், புறம்போக்கு நிலம் போல. அந்த இடத்தில் வேறு எதையாவது எழுதும்வரை அதற்கு உயிர் உண்டு. பெட்டி திறந்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் விண்டோஸ் எதையாவது எழுதிக்கொண்டே இருக்கும். எனவே மூட வேண்டும். விரைவு ஃபார்மேட்டும் அட்டவணையைத்தான் புதிதாக எழுதுகிறது. பெட்டியைக் காயலாங்கடைக்குப் போடுகிறவர்கள் இதை அவசியம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். அழித்துவிட்டோம் என்று நினைத்த குடும்பப் படங்களும் வங்கிப் பாஸ்புக் நகலும் எடை போட்டு வாங்குகிறவரின் கைக்குப் போகின்றன. தட்டு முழுக்கப் பூஜ்யங்களை எழுதிய பிறகுதான் கை மாற்ற வேண்டும்.

அன்று மாலை ஒரு பென் டிரைவில் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயக்க முறைமையை ஏற்றி, அதிலிருந்தே அத்தையின் பெட்டியைத் திறந்தேன். ஹார்ட் டிஸ்கில் ஓர் எழுத்துகூட எழுதாமல், ரேமிலும் பென் டிரைவிலுமே ஓர் இயக்க முறைமை முழுதாக ஓட முடியும். பெட்டியின் உறுப்புகளில் எது நல்ல நிலையில் இருக்கிறது என்று பார்க்க இதைவிடச் சிறந்த வழி எனக்குத் தெரியாது. பிறகு ஃபோட்டோரெக் என்ற இலவச மீட்பு நிரலை ஓட்டினேன். அது அட்டவணையைப் பார்ப்பதில்லை. தட்டின் முதல் கட்டத்தில் தொடங்கி ஒவ்வொரு கட்டமாக நடந்துபோகும். ஒவ்வொரு ஜேபெக் படமும் FF, D8 என்ற இரண்டு பதினாறடிமான எண்களில்தான் தொடங்கும். காலடியில் அந்த எண்கள் தட்டுப்பட்டால் நின்று, அங்கிருந்து படத்தை வாரி எடுக்கும். கிடைத்ததை வேறொரு ஹார்ட் டிஸ்கில்தான் சேமிக்க வேண்டும். அதே தட்டில் எழுதினால் மீட்கிற கையே மற்ற படங்களை மிதிக்கும்.

இரவெல்லாம் ஓடட்டும் என்று விட்டுவிட்டேன்.

காலையில் பார்த்தால் ஆயிரக்கணக்கில் படங்கள். பழைய பெயர் எதற்கும் இல்லை, ஏனென்றால் பெயர்கள் இருப்பது அந்த நிரல் பார்க்காத அட்டவணையில். அந்த நிரல் ஒவ்வொரு படத்துக்கும் அது தட்டில் கிடந்த கட்டத்தின் எண்ணையே பெயராக வைத்திருந்தது. முகூர்த்தமும் மொய்யும் பந்தியும் ஒன்றோடொன்று கலந்து, இடையிடையே இணையப் பக்கங்களின் விளம்பரப் படங்களும் கிடந்தன. வேகமில்லாத அந்தப் பழைய தட்டு இருந்ததால்தான் இதுவும் முடிந்தது. இன்று ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாக வரும் எஸ்எஸ்டி, அழித்த இடத்தைப் பின்னணியில் தானே துடைத்து வைத்துவிடுகிறது. அதில் அழிந்தது பெரும்பாலும் அழிந்ததுதான்.

படங்கள் பத்திரமான பிறகு பெட்டியைத் திருப்பிப்போட்டுத் திருகுகளைக் கழற்றினேன். விசிறிக்கு முன்னால் வெப்பம் வெளியேறும் செப்புத் தகடுகளின் மேல் தூசி ஒரு மெத்தையாகப் படிந்திருந்தது. விரலால் பிடித்து இழுத்தால் பிளாஸ்திரி போல ஒரே துண்டாக வந்தது. அதில் நெல் சுணையும் இருந்தது. அறுப்புக் காலத்தில் எங்கள் பக்கத்துக் காற்றே அப்படித்தான். மூச்சுவிட வழியில்லாமல் சூடேறும் செயலி, கருகிப்போகாமல் இருக்கத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். மத்தியானத்தில் மட்டும் மெதுவாகிற கணினிகளில் பாதிக்கு இதுதான் வியாதி. பிரஷ்ஷும், செயலியின் மேல் காய்ந்துபோன, வெப்பம் கடத்தும் பசைக்குப் பதில் கொஞ்சம் புதுப் பசையும் போதும்.

ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்தில், அதே அளவில், அதே இணைப்பில் ஓர் எஸ்எஸ்டி உட்கார்ந்துகொண்டது. ஒரு மூட்டை நெல் விற்ற காசு ஆனது. பழையதாக ஒரு ரேம் துண்டும் கிடைத்தது. எஸ்எஸ்டியில் சுழல்வதும் இல்லை, ஆடும் கையும் இல்லை. சிலிக்கான் அறைகளில் சிறைப்பட்ட மின்னூட்டம்தான் எழுத்து. தேடி எடுக்க ஒரு மில்லிநொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம். முன்பு போட்ட கணக்கில் சொன்னால், 104 நாள் என்பது 16 மணி 40 நிமிடமாகிவிட்டது. மாலையில் சொல்லி அனுப்பினால் மறுநாள் காலைக்குள் வந்துவிடும். பழைய கணினிக்கு ஒரே ஒரு செலவுதான் செய்ய முடியும் என்றால் இதைத்தான் செய்யச் சொல்வேன்.

இயக்க முறைமை எது என்பதில் எனக்குத் தயக்கம் இருக்கவில்லை. விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு ஆதரவை நிறுத்தியது. விண்டோஸ் 11-க்கு இந்தப் பெட்டியின் செயலி தகுதி பெறாது. அது கேட்கும் பாதுகாப்புச் சில்லும் இதில் கிடையாது. கிராக் போட்ட விண்டோஸை ஏற்றினால், பூட்டை உடைத்தவர் இன்னும் என்னவெல்லாம் உள்ளே வைத்தார் என்று யாருக்கும் தெரியாது. பையன் அதில்தான் வங்கிக் கணக்கைத் திறப்பான். ஆகவே எக்ஸ்எஃப்சிஇ முகப்போடு லினக்ஸ் மின்ட். குறைந்த ரேமில் ஓடும், பட்டியல்கள் தமிழிலும் வரும். இந்தத் திட்டத்து மடிக்கணினிகளில் விண்டோஸுக்குப் பக்கத்திலேயே பாஸ் லினக்ஸும் இருந்தது. மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கியது, நம் மொழிகளில் இயங்குவது. திறந்ததும் எது வேண்டும் என்று கேட்கும்; எல்லாரும் விண்டோஸை அழுத்திவிட்டுப் போனார்கள். பள்ளியில் ஒரு மாதம் சொல்லிக் கொடுத்திருந்தால் பீரோ மேல் கிடக்கும் பெட்டிகளில் பாதி இன்று ஓடிக்கொண்டிருக்கும் என்ற ஆதங்கம் எனக்கு இன்னும் உண்டு.

நிறுவி முடித்து, பென் டிரைவை உருவிவிட்டு, முதல்முறையாகப் பொத்தானை அழுத்தும் கணம் எனக்கு எத்தனை முறை பார்த்தாலும் சலிப்பதில்லை. மின்சாரம் வந்ததும் செயலிக்கு ஒன்றுமே தெரியாது. ரேம் வெறுமையாக இருக்கிறது. எஸ்எஸ்டி என்று ஒன்று இருப்பதுகூடத் தெரியாது. தாய்ப்பலகையின் சில்லில் எழுதிவைத்த பயாஸ் அதை எழுப்பி, எஸ்எஸ்டியின் முதல் கட்டத்தை மட்டும் படிக்கச் சொல்கிறது. 512 பைட். அதன் கடைசி இரண்டு பைட்டும் 55, AA என்று இருந்தால்தான் இதிலிருந்து தொடங்கலாம் என்று பயாஸ் நம்பும். நிரலுக்கென்று அதில் இருப்பது 446 பைட்தான். யூனிகோடின் UTF-8 முறையில் தமிழ் எழுதினால் ஒரு குறிக்கு 3 பைட் ஆகிறது. ஆக 148 குறிகள். நீங்கள் இப்போது படிக்கும் இந்தப் பத்தியின் முதல் வாக்கியமே அதில் பெரும்பகுதியை அடைத்துவிடும். அந்தத் துளி நிரல் தன்னைவிடக் கொஞ்சம் பெரிய நிரலைத் தட்டி எழுப்புகிறது, அது இன்னும் பெரியதை, அது இயக்க முறைமையின் மையமான கர்னலை, கர்னல் மற்ற எல்லாவற்றையும். கோடிக்கணக்கான வரிகள் கொண்ட ஓர் உலகம் 446 பைட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்து நிற்கிறது. புதிய கணினிகளில் இந்த முதல் படியின் முறை மாறிவிட்டது. அத்தையின் பெட்டியில் இன்னும் பழைய முறைதான்.

திரை இருபது நொடிக்குள் வந்தது. அத்தை திரையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

படங்கள் வைத்த கோப்புறையைத் திறந்து, தாலி கட்டும் படத்தைத் தேடி எடுத்தேன். அது முழுதாக மீளவில்லை. ஜேபெக் படம் மேலிருந்து கீழாக எழுதப்படுவது. இரண்டு வாரத்தில் ஏதோ ஓர் அப்டேட் அதன் பின்பாதி இருந்த இடத்தில் வந்து உட்கார்ந்துவிட்டது. மேலே பந்தலும் வாழைமரமும் முகங்களும் அச்சாக இருந்தன. மார்புக்குக் கீழே ஒரே சாம்பல் நிறப் பட்டை. மன்னிப்பு கேட்கிற மாதிரி விளக்கத் தொடங்கினேன்.

அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து, விரலால் திரையைத் தொட்டு ஒவ்வொரு முகமாக எண்ணினார். "பெரியவ, மாப்ள, இதோ உங்க மாமா பின்னாடி நிக்கறாரு. மூஞ்சி எல்லாம் இருக்குது இல்ல தம்பி. இதக் கீழ இருக்கற கடையில கழுவிக் குடுப்பானா?"